பர்மா கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுபோன தமிழர்கள்: மணிப்பூரின் மோரே ஊர் உருவான கதை

மணிப்பூர் பெயர் செய்தியில் அடிபடும்போதெல்லாம் தமிழ்நாட்டில் பலரும் கூகுளில் தேடும் ஊர் ஒன்று உண்டு: மோரே. இந்திய வரைபடத்தின் வடகிழக்கு ஓரத்தில், மியான்மரை ஒட்டி ஒரு சின்னப் புள்ளி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வசித்தவர்கள் சுமார் 17 ஆயிரம் பேர். நம்ம ஊர்க் கணக்குக்கு ஒரு பேரூராட்சி, அவ்வளவுதான்.

ஆனா அந்தச் சின்ன ஊரில் ஸ்ரீ அங்காளபரமேஸ்வரி – ஸ்ரீ முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. கோபுரம் வைத்த, தமிழ்நாட்டுப் பாணிக் கோயில். தீமிதி நடக்கிறது. தமிழ்ச் சங்கம் இருக்கிறது. இட்லி, தோசை கிடைக்கிறது. தமிழ் பேசும் குடும்பங்கள் இரண்டு, மூன்று தலைமுறையாக அங்கேயே வாழ்கின்றன. காரைக்குடியில் இருந்து பார்த்தால் சாலை வழியாக மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் ஊர் இது.

எப்படிப் போனார்கள்? 'வியாபாரத்துக்குப் போயிருப்பாங்க' என்பதுதான் பொதுவாக வரும் பதில். அது பாதி சரி. மோரேயில் வியாபாரம் பெரிதாக வளர்ந்ததே அவர்கள் அங்கே தங்கிய பிறகுதான். அவர்கள் கிளம்பியது மோரேக்கும் இல்லை. அவர்கள் போக நினைத்த ஊர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தன.

மோரே எங்கே இருக்கிறது?

மணிப்பூரின் தலைநகர் இம்பால். அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 110 கிலோமீட்டர் போனால் மோரே. தௌபால், பல்லேல் வரை சமவெளி, வயல்வெளி. பல்லேல் தாண்டியதும் மலை ஏற ஆரம்பிக்கும் சாலை, தெங்னௌபால் பகுதியில் உச்சியைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து வளைந்து வளைந்து கீழே இறங்கும். அந்த இறக்கத்தின் முடிவில், மலையடிவாரத்தில் இருக்கிறது மோரே. இம்பாலைவிடத் தாழ்வான இடம் என்பதால் வெயிலும் புழுக்கமும் அதிகம்.

நிர்வாகரீதியாக இது தெங்னௌபால் மாவட்டம். 2016 வரை சந்தேல் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பது மியான்மரின் சகாயிங் பிராந்தியம். சில கிலோமீட்டர் தள்ளி தமு என்ற ஊர். மோரேயில் இரண்டு கேட். ஒன்றாம் நம்பர் கேட் வழியாக நட்புறவுப் பாலத்தைக் கடந்து தமுவுக்குப் போகும் பெரிய சாலை. இரண்டாம் நம்பர் கேட்டைத் தாண்டினால் நம்பலாங் சந்தை. பாலத்தைத் தாண்டிவிட்டால் வண்டியைச் சாலையின் வலது பக்கம் ஓட்டணும், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளணும்.

வரைபடத்தில் இன்னொன்றையும் பார்க்கணும். மோரே பக்கத்து மலைகளில் விழும் மழைநீர் இந்தியாவுக்குள் வருவதில்லை. லோக்சாவ் ஆறு கிழக்கே மியான்மருக்குள் ஓடி, யூ ஆறு வழியாக சிந்த்வினில் சேரும். சிந்த்வின் போய் ஐராவதியில் கலக்கும். ஐராவதி ரங்கூன் பக்கம் டெல்டாவாக விரிந்து கடலில் விழும். தண்ணீர் போகும் திசைப்படி பார்த்தால் மோரே பர்மாவின் ஊர். நடுவில் கோடு போட்டது மனிதர்கள்.

அந்தக் கோடு எப்போது விழுந்தது?

தமு இருப்பது கபாவ் பள்ளத்தாக்கில். இந்தப் பள்ளத்தாக்குக்காக மணிப்பூர் மன்னர்களும் பர்மிய மன்னர்களும் பல தலைமுறையாகச் சண்டை போட்டார்கள். முதல் ஆங்கிலோ–பர்மியப் போர் 1826-ல் யாண்டபோ உடன்படிக்கையோடு முடிந்தபோது பள்ளத்தாக்கு மணிப்பூர் மன்னர் கம்பீர் சிங் கையில் இருந்தது. ஆங்கிலேயர்கள் 1834-ல் அதை பர்மிய அரசரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். மணிப்பூருக்கு நஷ்டஈடு மாதம் 500 சிக்கா ரூபாய். ஒரு பள்ளத்தாக்குக்கு மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகை! அந்த வருத்தம் மணிப்பூரில் இன்னும் பேசப்படுகிறது.

அப்போது ராபர்ட் பெம்பர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி வகுத்த எல்லைதான் கொஞ்சம் திருத்தங்களோடு இன்று வரை நீடிக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு 1967 மார்ச் 10-ல் இந்தியாவும் பர்மாவும் எல்லை ஒப்பந்தம் போட்டன. மொத்த நீளம் 1,643 கிலோமீட்டர். மோரே பக்கம் சில எல்லைத் தூண்கள் எங்கே இருக்கணும் என்ற சர்ச்சை அதற்குப் பிறகும் ஓயவில்லை.

கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே இனக்குழு மக்கள் வாழ்கிறார்கள். குக்கி–சோ, நாகா சமூகங்களில் ஒரே குடும்பத்தின் ஒரு கிளை இந்தியாவிலும் இன்னொரு கிளை மியான்மரிலும் இருப்பது சாதாரணம். அதனால்தான் எல்லையில் இருந்து குறிப்பிட்ட தூரம் வரை விசா இல்லாமல் போய்வர அனுமதிக்கும் 'சுதந்திர நடமாட்ட' ஏற்பாடு வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பவும் வரும்.

செட்டிநாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் கதை சிவகங்கைச் சீமைக்கு வருகிறது. சிவகங்கையில் இருந்து திருப்பத்தூர் போகும் வழியில் இருக்கும் ஒக்கூரை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரோடு சேர்த்துப் பேசப்படும் ஊர். நகரத்தார் ஊர்களில் ஒன்று. இந்த மாதிரி ஊர்களில் பழைய வீடுகளுக்குள் போனால் தூண், உத்தரம், நிலைக்கதவு என்று எங்கே பார்த்தாலும் 'பர்மாத் தேக்கு' என்பார்கள். அந்த மரத்தோடு பணமும் வந்தது.

1852 போருக்குப் பிறகு கீழ் பர்மா ஆங்கிலேயர் வசம் போனது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை எட்டும் தூரத்துக்கு வந்தது. ஐராவதி டெல்டாவில் காட்டை வெட்டி வயலாக்க விவசாயிக்குக் கடன் தேவைப்பட்டது. ஆங்கிலேய வங்கிகள் அந்தச் சகதிக்குள் இறங்கவில்லை. நகரத்தார் இறங்கினார்கள். டெல்டாவின் சின்னச் சின்ன ஊர்களில்கூட லேவாதேவிக் கடைகள் வந்தன. முதலாளி ஊரில் இருப்பார். பர்மாவில் கடையை நடத்துவது மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசை. மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊருக்கு வந்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டு மறுபடியும் கப்பல்.

1929–30-ல் பர்மாவில் நடந்த வங்கித் துறை விசாரணைக் குழு, செட்டியார்கள் அங்கே போட்டிருந்த முதலீட்டை சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அன்றைய 75 கோடி!

அடுத்து வந்தது உலகப் பொருளாதார மந்தம். அரிசி விலை சரிந்தது. கடன் வாங்கிய விவசாயியால் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம்தான் செட்டியார்களிடம் இருந்தது. 1937-ல் அது சுமார் 25 சதவீதம். பெரும்பாலானவர்கள் இதை விரும்பி வாங்கவில்லை, அவர்களுக்கு வேண்டியது காசு. ஆனா தன் நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த வித்தியாசம் முக்கியமில்லை. 1930-லும் 1938-லும் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிரான கலவரங்கள் வெடித்தன. இடையில், 1937 ஏப்ரல் 1-ல், அதுவரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்த பர்மா தனியாகப் பிரிக்கப்பட்டது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லணும். பர்மாத் தமிழர் என்றாலே செட்டியார் என்று நினைப்பது தப்பு. எண்ணிக்கையில் அதிகம் இருந்தவர்கள் கூலிகள்: வயலில் கதிர் அறுக்கப் போனவர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், ரைஸ் மில்லில் வேலை பார்த்தவர்கள். அப்புறம் சின்ன மளிகைக் கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், சமையல்காரர்கள். அப்போதைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தும் தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். பணக்காரர்களுக்குத் திரும்பி வர வீடு இருந்தது. பின்னால் மோரேயில் தங்கியவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒரு வீடு இல்லாதவர்கள்.

1942: நடந்தே வந்த வழி

1941 டிசம்பர் 23-ல் ரங்கூன் மீது ஜப்பான் குண்டு போட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் நடக்க ஆரம்பித்தார்கள். அராக்கான் பக்கம் ஒரு கூட்டம், வடக்கே ஹூகாங் பள்ளத்தாக்கு வழியாக ஒரு கூட்டம், சிந்த்வின் ஆற்றைக் கடந்து தமு, பல்லேல், இம்பால் என்று ஒரு கூட்டம். மொத்தம் சுமார் 5 லட்சம் இந்தியர்கள் அந்த சில மாதங்களில் வெளியேறியதாகக் கணக்கு. காலரா, மலேரியா, பசியில் பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். தமு வழியில் ஐரோப்பியர்களுக்கு ஒரு பாதை, இந்தியர்களுக்கு இன்னொரு பாதை என்று பிரித்துவிட்டதும் பதிவாகியிருக்கிறது. வசதியான பாதை யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வருஷம் கழித்து அதே சாலையில் போர் வந்தது. 1944 மார்ச்சில் ஜப்பான் படை இம்பாலை நோக்கி நகர்ந்தபோது முக்கியமான அச்சு தமு–பல்லேல் சாலைதான். தெங்னௌபால், ஷெனாம் மலைகளில் மாதக்கணக்கில் சண்டை. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் காந்தி பிரிகேட் பல்லேல் பகுதியில் போரிட்டது. மலாயாவிலும் பர்மாவிலும் இருந்து சேர்ந்த தமிழர்கள் அந்த ராணுவத்தில் ஏராளம். ஜூலையில் பின்வாங்கல். போர் முடிந்ததும், நடந்து வந்தவர்களில் பலர் திரும்ப பர்மாவுக்கே போனார்கள். அவர்களுடைய பிழைப்பு அங்கேதான் இருந்தது.

1964: கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள்

1948-ல் சுதந்திரம் பெற்ற பர்மா அதே ஆண்டு நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. செட்டியார் நிலங்களின் கதை அதோடு முடிய ஆரம்பித்தது. ஆனா சாதாரணத் தமிழர்களைத் தொட்டது 1962 மார்ச் 2-ல் நடந்த ராணுவப் புரட்சி. ஜெனரல் நே வின் ஆட்சிக்கு வந்தார். 1964 மார்ச்சில் ரங்கூனில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மே 17-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. நம்ம ஊர் 2016 பணமதிப்பு நீக்கத்தோடு ஒப்பிடத் தோன்றும். அங்கே கூடுதலாகக் கடையும் போயிருந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். அரசு ஏற்பாடு செய்த கப்பல்கள் சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் வந்தன. கையில் எடுத்து வர அனுமதித்தது கொஞ்சம்தான், நகைக்கும் பணத்துக்கும் கடுமையான கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் மட்டும் 1.4 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பதிவானார்கள். இலங்கை மலையகத் தமிழர்களைத் திருப்பி அனுப்பும் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தமும் அதே 1964-ல்தான் கையெழுத்தானது. ஒரே சமயத்தில் இரண்டு திசையில் இருந்து 'தாயகம் திரும்பியோர்' வர ஆரம்பித்தார்கள்.

இதன் தடயங்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கின்றன. காரைக்குடியில் பர்மா காலனி. சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார். அங்கே தள்ளுவண்டியில் கிடைக்கும் அத்தோவும் மொய்ங்காவும் அவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. ரெப்கோ பேங்க் போர்டைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரில் இருக்கும் 'ரெப்' தாயகம் திரும்பியோரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துகள். பர்மா, இலங்கையில் இருந்து வந்தவர்களுக்காக 1969-ல் தொடங்கிய கூட்டுறவு வங்கி அது.

திரும்பிப் போகக் கிளம்பியவர்கள்

எல்லாருக்கும் காலனியும் கடையும் கிடைக்கவில்லை. முகாம் வாழ்க்கை. பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தமிழ்நாடு புது ஊர். பல குடும்பங்களில் பாதிப் பேர் இன்னும் பர்மாவில் இருந்தார்கள். சிலருக்கு மனைவி பர்மியப் பெண். அப்போ ஒரு சிலர் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கப்பலில் போக முடியாது, தரைவழியாகப் போவோம்.

வழி அவர்களுக்குத் தெரியும், 1942-ல் அப்பாக்கள் நடந்து வந்த அதே வழி. இந்த முறை தலைகீழாக. ரயிலில் அசாம் பக்கம், திமாப்பூரில் இறங்கி, கோஹிமா வழியாக இம்பால், அங்கிருந்து மலையேறி மோரே. அதுவரை எந்தச் சிக்கலும் இல்லை, எல்லாமே இந்தியா. அடுத்த அடியில் பர்மிய ராணுவம் நின்றது. கடக்க முயன்றவர்களைத் திருப்பி அனுப்பியது. சிலர் பிடிபட்டுச் சிறையில் இருந்துவிட்டு வந்ததாகவும் மோரேயில் சொல்வார்கள்.

மறுபடியும் சென்னைக்குத் திரும்ப அவர்களுக்குக் காரணமும் இல்லை, காசும் இல்லை. இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு கேட் திறக்கும் என்று அங்கேயே குடிசை போட்டார்கள். மோரே தமிழர்கள் தங்கள் தொடக்கத்தைப் பற்றிச் சொல்லும் வரலாறு இதுதான். முதலில் வந்தவர்கள் சொல்லி அடுத்தவர்கள் வந்தார்கள். சொந்தக்காரர்கள் சேர்ந்தார்கள். காத்திருந்த இடமே ஊராகிவிட்டது.

அப்போது அந்தப் பகுதி மலைக் கிராமங்களும் காடுமாக இருந்த இடம். தமிழர்களுக்கு ஒரு சாமர்த்தியம் கையில் இருந்தது: பர்மிய மொழி. எல்லைக்கு அந்தப் பக்கம் யாரிடம் என்ன கிடைக்கும், இந்தப் பக்கம் யாருக்கு என்ன வேணும் என்பதும் தெரியும். அப்படித்தான் கடைகள் வந்தன. மோரேயில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழ், கடையில் பர்மியம், மெய்தி, குக்கி, அதிகாரிகளிடம் இந்தி என்று ஐந்து மொழி பேசுவது அங்கே பெரிய சாதனையாகப் பார்க்கப்படுவதில்லை. குக்கிகள், மெய்திகள், நாகாக்கள், நேபாளிகள், மெய்தி முஸ்லிம்கள், பஞ்சாபிகள், மார்வாடிகள் என்று எல்லாரும் இருந்த ஊர். கோயில், மசூதி, தேவாலயம், குருத்வாரா எல்லாம் நடக்கும் தூரத்தில்.

கேட் திறந்திருந்த காலம்

முதலில் நடந்தது பெரும்பாலும் பதிவில்லாத வியாபாரம். தலைச்சுமையாகவும் கைச்சுமையாகவும் பொருட்கள் எல்லை தாண்டின. 1994 ஜனவரியில் இந்தியாவும் மியான்மரும் எல்லை வர்த்தக ஒப்பந்தம் போட்டன. (1989-ல் பர்மா தன் பெயரை மியான்மர் என்று மாற்றிக்கொண்டது.) 1995 ஏப்ரலில் மோரேயில் அதிகாரபூர்வ வர்த்தகம் தொடங்கியது. முதலில் 22 பொருட்களுக்கு மட்டும் அனுமதி, பின்னர் பட்டியல் நீண்டது. அதே 1990-களில் குக்கி–நாகா மோதல் மணிப்பூர் மலைகளை உலுக்கியது, மோரேயையும் விடவில்லை.

ஆனாலும் சந்தை வளர்ந்தது. காலையில் கேட் திறந்ததும் இந்தப் பக்கத்துக்காரர்கள் நம்பலாங் போய் சீன, தாய்லாந்துப் பொருட்கள் வாங்குவார்கள்: கம்பளி, செருப்பு, பிளாஸ்டிக், மின்சாதனம். அந்தப் பக்கத்துக்காரர்கள் மோரே வந்து மருந்து, மாவு, சீரகம் மாதிரி சாமான்கள் வாங்கிப் போவார்கள். சாயங்காலம் கேட் மூடுவதற்குள் அவரவர் பக்கம் திரும்பிவிடணும். பாக்கு இறக்குமதி பெரிய பிசினஸ். போதைப்பொருள் கடத்தலும் இந்த வழியில் வளர்ந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஊரின் படம் முழுசாகும்.

மியான்மர் உளுந்து பற்றி ஒரு இடைக்குறிப்பு: இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. ஆனா அது மோரே வழியாக வருவது குறைவு, பெரும்பாலும் கப்பலில் வருகிறது. நம்ம இட்லிக்கும் பர்மாவுக்கும் உறவு இன்னும் அறவில்லை.

டெல்லியில் அப்போது மோரே பற்றிப் பேச்சு வேறு லெவலில் இருந்தது. 'கிழக்கு நோக்கிய கொள்கை', அதன் வாசல் மோரே. எல்லைச் சாலைகள் அமைப்பு தமுவில் இருந்து கலேவா, கலேமியோ வரை 160 கிலோமீட்டர் சாலை போட்டு 2001-ல் திறந்தது. மோரேயில் இருந்து தாய்லாந்தின் மே சோட் வரை சுமார் 1,360 கிலோமீட்டர் முத்தரப்பு நெடுஞ்சாலைத் திட்டம் 2002-ல் பேசப்பட்டது, இன்னும் முடியவில்லை. 2018 ஆகஸ்டில் பாஸ்போர்ட், விசா உள்ள பயணிகளுக்கு மோரே–தமு சர்வதேச நுழைவாயிலாகத் திறக்கப்பட்டது. 2019 ஜனவரியில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியைப் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். தாத்தாக்கள் காத்திருந்த கேட், பேரன்கள் காலத்தில் ஒருவழியாக நிஜமாகவே திறந்தது.

ஒன்றரை வருஷம்தான்

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக கேட் மூடப்பட்டது. 2021 பிப்ரவரி 1-ல் மியான்மரில் மறுபடியும் ராணுவப் புரட்சி. சகாயிங் பிராந்தியம் ராணுவத்துக்கும் எதிர்ப்புப் படைகளுக்கும் நடுவே போர்க்களமானது. அங்கிருந்து மக்கள் தப்பி மணிப்பூருக்கும் மிசோரமுக்கும் வந்தார்கள். 2022 ஜூலை 5-ல் மோரேயைச் சேர்ந்த இரண்டு தமிழ் இளைஞர்கள் எல்லை தாண்டி தமுவுக்குப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மோரே கடைகளை அடைத்தது. தமிழ்நாட்டு ஊடகங்கள் பல வருஷம் கழித்து மோரே பக்கம் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்தது 2023 மே 3. மெய்தி–குக்கி வன்முறை மணிப்பூர் முழுக்கப் பரவியது. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சுமார் 60 ஆயிரம் பேர் வீடிழந்தார்கள். மோரேயில் வாழ்ந்த மெய்திகள் ஊரைவிட்டு வெளியேறினார்கள், அவர்களுடைய வீடுகள் எரிந்தன. இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் இல்லாத தமிழர்களின் வீடுகளும் கடைகளும்கூட அந்தத் தீயில் போயின. அக்டோபர் 31-ல் மோரேயின் காவல்துறை துணைக் கண்காணிப்பாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2024 ஜனவரியிலும் அங்கே போலீஸ் கமாண்டோக்கள் மீது தாக்குதல்.

110 கிலோமீட்டர் சாலை இரண்டாகப் பிரிந்தது. பள்ளத்தாக்கில் மெய்திகள், மலையில் குக்கிகள். நடுவில் பாதுகாப்புப் படை. இம்பாலில் இருந்து சரக்கு வராமலும், அந்தப் பக்கம் நம்பலாங் சந்தை நடக்காமலும், ஊர் இரண்டு மூடிய கதவுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. தமிழ்க் குடும்பங்களில் வேலைக்காகவும் படிப்புக்காகவும் சென்னைக்கும் வேறு ஊர்களுக்கும் கிளம்புவது முன்பே தொடங்கியிருந்தது. 2023-க்குப் பிறகு அது வேகம் பிடித்தது.

வேலி, பாஸ், அடிப்படை ஆண்டு: இப்போ என்ன பிரச்சினை?

2024 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா இரண்டு அறிவிப்புகள் செய்தார். ஒன்று, மியான்மர் எல்லை முழுவதும் வேலி. மோரே பகுதியில் 10 கிலோமீட்டர் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. வேலிக்கும் எல்லையோரச் சாலைகளுக்கும் சுமார் 31 ஆயிரம் கோடி ரூபாய் என்று பின்னர் சொல்லப்பட்டது. இரண்டாவது, விசா இல்லாத நடமாட்ட ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவருவது. அதுவரை எல்லையில் இருந்து 16 கிலோமீட்டர் வரை போய்வரலாம். 2024 டிசம்பரில் வந்த புது விதிமுறையில் தூரம் 10 கிலோமீட்டராகக் குறைந்தது, எல்லைப் பாஸ் கட்டாயமானது, ஒரு பாஸில் 7 நாள் தங்கலாம்.

பாதுகாப்புக்கு இது தேவை என்பது மத்திய அரசின் வாதம். ஆயுதக் குழுக்களும் போதைப்பொருளும் இந்த எல்லையில் சுலபமாக நகர்வதை மறுக்க முடியாது. நாகாலாந்து, மிசோரம் அரசுகளும் குக்கி, நாகா அமைப்புகளும் எதிர்க்கின்றன: எங்கள் சொந்தங்களுக்கு நடுவே வேலியா என்பது அவர்கள் கேள்வி. மெய்தி அமைப்புகள் பல வேலியை ஆதரிக்கின்றன. இந்த விவாதத்தில் தமிழர் குரல் எங்கேயும் பெரிதாகக் கேட்பதில்லை. எண்ணிக்கை அவ்வளவுதான்.

தமிழர்களை நேராகத் தொடும் விஷயம் இன்னொன்று. 2020 முதல் மணிப்பூருக்குள் வெளிமாநிலத்தவர் நுழைய உள்நுழைவு அனுமதி வேண்டும். இங்கிருந்து மோரேயில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போகணும்னாலும் அதை எடுத்துத்தான் போகணும். அந்த ஏற்பாட்டில் யார் 'மணிப்பூர்க்காரர்' என்று முடிவு செய்ய ஓர் அடிப்படை ஆண்டு வேண்டுமல்லவா? 2022 ஜூனில் மாநில அமைச்சரவை 1961-ஐ அடிப்படை ஆண்டாக ஏற்றது. அதற்கு முன்பே வந்து குடியேறியவர்களும் அவர்களுடைய வாரிசுகளும் மண்ணின் மக்களாகக் கருதப்படுவார்கள் என்பது அதன் பொருள்.

மோரே தமிழர்களில் பெரும்பாலோரின் குடும்பங்கள் பர்மாவில் இருந்து கப்பல் ஏற்றப்பட்டதே 1964-க்குப் பிறகு. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கலாம், ரேஷன் கார்டு இருக்கலாம், மூன்றாம் தலைமுறைப் பிள்ளை மோரேயிலேயே பிறந்திருக்கலாம். 1961 என்ற கணக்கில் அவர்கள் வர மாட்டார்கள். மலை மாவட்டங்களில் பழங்குடியினர் நிலத்தை மற்றவர்கள் வாங்கச் சட்டக் கட்டுப்பாடும் இருப்பதால், எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டலாமா என்று யோசிக்கும் குடும்பத்துக்கு இந்த இரண்டும் சேர்ந்தே கண்முன் நிற்கும்.